கறை, கஞ்சி, காலணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துணிமணிகளையும் காலணிகளையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெரிந்தது: பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கறையால் வந்த தொல்லையைவிட, கறையைப் போக்க யாரோ சொன்ன வைத்தியத்தால் வந்த தொல்லைதான் பெரிதாக இருக்கிறது. ஆகவே என்ன செய்யலாம் என்பதோடு எதைச் செய்யக்கூடாது, ஏன் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

என் திருமணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டுப்புடவை 25 ஆண்டுகளாகப் பீரோவில் இருக்கிறது. சரிகை அங்கங்கே கறுத்துவிட்டது. மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்றுப்போகத் தொடங்கியிருக்கிறது. புளியாலோ பற்பசையாலோ தேய்த்தால் சரிகை புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். வெள்ளிப் பாத்திரத்துக்குப் பொருந்துகிற வைத்தியம் சரிகைக்குப் பொருந்தாது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்கு மேல் பொன் முலாம் ஏற்றியது. அந்த முலாம் மிக மிக மெல்லியது; சரிகையின் எடையில் பொன்னின் பங்கு ஒரு சதவீதம்கூட இராது. தேய்த்தால் கருமையோடு முலாமும் போய்விடும், பொன்னிறக் கரை இருந்த இடத்தில் வெளிறிய வெள்ளிக் கரை மிஞ்சும். வெள்ளியை மெருகேற்றும் பசைகளுக்கும் இதே கதிதான்.

சரிகையில் நீங்கள் காணும் கருமை அழுக்கு அன்று. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. எனவே, வந்த கருமையைப் போக்குவதைவிட மேலும் வராமல் பார்ப்பதே நம் கையில் இருக்கிறது. புடவையை ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால், பேண்டு பட்ட இடத்தில் கோடு கிழித்ததுபோல் சரிகை கறுக்கும். வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டிய பிறகு அடிக்காமல் கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொண்டு, அது உலர்ந்தபின் கட்டுங்கள். விழாவிலிருந்து திரும்பியதும் உடனே மடித்து உள்ளே வைக்காமல், நிழலில் கொடியில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விட்டு, வியர்வை ஈரம் முழுவதும் போனபின் மடியுங்கள்.

மடிப்பில் இற்றுப்போவதற்குக் காரணம், ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடப்பது. சரிகை உலோகம்; ஒரே இடத்தில் மடிந்து அழுந்திக் கிடந்தால் தானும் முறியும், அருகிலுள்ள பட்டு இழையையும் அறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழுந்த இடம் புது மடிப்புகளுக்கு நடுவில் வருமாறு மாற்றி மடியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கனமான புடவை அடியில் இருக்கட்டும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். கஞ்சியும் நீலமும் போடாமல் துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பதுதான் நம் பாட்டிமார் வழக்கம். இன்றுவரை அதைவிட நல்ல உறை கிடையாது. ஏற்கெனவே இற்ற இடத்துக்கு, பின்பக்கம் அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்துத் தரும்படி டார்னிங் செய்பவரிடம் கேளுங்கள். கிழிந்தபின் தைப்பதைவிட இற்றுப்போகத் தொடங்கும்போதே தைப்பது பல மடங்கு எளிது.

கனமான சரிகைப் புடவையை வீட்டில் நனைக்க வேண்டாம், உலர் சலவைக்குக் கொடுங்கள். சரிகை இல்லாத சாதாரணப் பட்டை மட்டும் வீட்டில் அலசலாம். பட்டு ஒரு புரதம். சாதாரணச் சலவைத்தூளின் காரம் அதன் பளபளப்பைக் கெடுக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கசக்கி, வடிகட்டிய நீரில் அந்தக் காரம் கிடையாது. குளிர்ந்த நீரில் அதைக் கலந்து பிழியாமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. பழைய பட்டுப்புடவைகளை விலைக்கு எடுப்பதாகத் தெருவில் கூவி வருகிறவர்கள் புடவைக்காக வருவதில்லை. சரிகையை எரித்து வெள்ளியை எடுப்பதற்காக வருகிறார்கள். அசல் சரிகையாக இருந்தால், கறுத்துப்போனது என்பதற்காக அதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்யாணப் பந்தியில் என் வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டதும் மஞ்சளாக இருந்த கறை இரத்தம்போல் சிவந்துவிட்டது. சோப்பில் ஏதாவது கோளாறா? முதல் நாள் பந்தலில் வாழைமரம் கட்டியபோது வேட்டியில் பட்ட கறைக்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

சோப்பில் கோளாறு இல்லை. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரம் பட்டால் சிவக்கும். சோப்பும் காரமானது என்பதால் உங்கள் சட்டையில் நடந்ததும் ஆரத்தித் தட்டில் நடப்பதும் ஒன்றே. காரம் அலசிப் போனதும் மறுபடி மஞ்சளாகும்; பதறி அதன்மேல் கண்டதையும் ஊற்றுவதுதான் ஆபத்து.

சாம்பார்க் கறையில் எண்ணெய், மஞ்சள் என இரண்டு கறைகள் சேர்ந்திருக்கின்றன. எண்ணெயை முதலில் எடுத்தால்தான் மஞ்சள் வெளியே வரும். கொட்டியவுடன் கையால் தேய்க்காமல், கரண்டி விளிம்பால் வழித்து எடுத்துவிட்டு, அரிசி மாவையோ முகப் பவுடரையோ தூவிக் கால் மணி நேரம் விட்டால் எண்ணெயில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில துளிகள் விட்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து நீர் ஊற்றி, கறை வந்த வழியே வெளியேறும்படி அலசுங்கள். அதன் பின்னும் வெளிர்மஞ்சளாக ஒரு தடம் நிற்கும். அதை வெயிலிடம் விட்டுவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தைத் தாங்காத நிறமி. ஈரத்தோடு உச்சி வெயிலில் இரண்டு மூன்று முறை காயப்போட்டால் அந்தத் தடம் தானாகவே வெளுத்துவிடும். கறை முழுவதும் போகும்வரை அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் எஞ்சிய எண்ணெய் துணியில் பிடித்துக்கொள்ளும். இந்த வெயில் வைத்தியம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான், பட்டுக்கும் அடர்நிறத் துணிக்கும் அல்ல.

வாழைக்கறை வேறு வகை. தண்டை வெட்டும்போது வடிகிற பால் துணியில் படும்போது நிறமே இருக்காது. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பழுப்பாகும். வாழைப்பூவை ஆய்ந்ததும் மோர் கலந்த நீரில் போடுகிறோமே, அது கறுக்காமல் இருப்பதற்குக் காரணம் மோரின் புளிப்புதான். துணிக்கும் இந்தப் புளிப்பு உதவும், ஆனால் நேரம்தான் முக்கியம்: பால் பட்ட உடனேயே, நிறம் வருவதற்கு முன், எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். உங்கள் வேட்டியில் பழுப்பேறி நாளாகிவிட்டது. கடைகளில் கிடைக்கும் ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் நிறம் மங்கும், ஆனால் முழுவதும் போகும் என்று உறுதி சொல்வதற்கில்லை. அடுத்த முறை வாழைமரம் கட்டப் போகும்போது பழைய லுங்கியோடு போங்கள்.

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் கறைக்கு எப்போதும் குளிர்ந்த நீர்தான். இவையெல்லாம் புரதம், வெந்நீர் பட்டால் துணிக்குள்ளேயே வெந்து கெட்டியாகிவிடும்.

கணவரின் வெள்ளைச் சட்டைகளில் காலரிலும் அக்குளிலும் மஞ்சள் பிடித்துவிட்டது. சமையல் சோடாவும் எலுமிச்சையும் கலந்து தேய்த்தேன். ப்ளீச்சிங் திரவத்திலும் ஊறவைத்தேன். அக்குள் பகுதி இன்னும் மஞ்சளாகிவிட்டது.
– வாசகி, மதுரை

சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் நுரை பொங்கும், பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு வாயு. அழுக்கை அது இழுத்து வருவதில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் உங்கள் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீர்தான். இரண்டும் பயனுள்ளவையே, ஆனால் தனித்தனியாக.

காலரில் இருப்பது தோலின் எண்ணெய்ப்பசை. துவைப்பதற்கு அரை மணி முன்பு தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவையோ பாத்திரம் துலக்கும் திரவத்தையோ காலரில் தடவி, மென்மையான தூரிகையால் தேய்த்து வைத்தால் போதும். அக்குளில் இருப்பது அப்படிப்பட்டதன்று; வியர்வையை அடக்கப் பூசும் பொருள்களில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடு சேர்ந்து துணியில் படிந்தது. நீங்கள் ஊறவைத்த ப்ளீச்சிங் திரவம் போன்ற குளோரின் ப்ளீச் பட்டால் அது மேலும் மஞ்சளாகும். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து அந்தப் பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, பிறகு ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூள் கலந்த நீரில் போடுங்கள். பாலியஸ்டர் கலந்த சட்டையிலும் இழுத்தால் நீளும் இழை (ஸ்பான்டெக்ஸ்) கலந்த துணியிலும் குளோரின் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ப்ளீச்சிங் திரவத்தோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவற்றில் எதைச் சேர்த்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது மூச்சையே திணறடித்துவிடும். ஒன்றைப் பயன்படுத்திய துணியையும் வாளியையும் நன்றாக அலசாமல் மற்றொன்றை ஊற்றாதீர்கள்.

சொட்டு நீலம் மஞ்சளைப் போக்குவதில்லை, மறைக்கிறது. மஞ்சளுக்கு எதிர்நிறமான நீலம் சேர்ந்ததும் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது, அவ்வளவே. அதில் தவறொன்றும் இல்லை. முதலில் ஒரு குவளை நீரில் கரைத்துவிட்டு, அதை வாளியில் ஊற்றிக் கலக்கியபின் துணியை நனையுங்கள். நேராகத் துணியில் சொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை சாயம் போகிறது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
– வாசகி, திருநெல்வேலி

நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாம் அதை நம்புவதற்கில்லை. சாயப்பட்டறையில் உப்புச் சேர்ப்பது உண்மை, அது தொட்டியில் உள்ள சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காக. சாயமேற்றி முடித்து, விற்பனைக்கும் வந்துவிட்ட புடவையை வீட்டில் உப்பில் ஊறவைப்பதால் இழையோடு ஒட்டாத சாயம் ஒட்டிக்கொள்ளாது. முதல் சில சலவைகளில் வெளியேறுவது அந்த ஒட்டாத உபரிச் சாயம்தான். அது வெளியேறித்தான் ஆகவேண்டும். நான்கைந்து சலவைவரை தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் விரைவாக அலசி, பிழியாமல், ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரித்து நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வாளியில் போட்டு மறந்துவிட்டால் சாயம் வெள்ளைப் புள்ளிகளில் இறங்கிவிடும். சுங்குடிக்கு அந்தப் புள்ளிகள்தானே அழகு.

எந்தப் புதுத் துணியையும் மற்றவற்றோடு போடுமுன், உள்பக்கத் தையலில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியே துவையுங்கள். மற்றொரு துணியில் சாயம் ஏறிவிட்டால் அதைக் காயவிடாமல் ஈரத்தோடே மறுபடி நிறைய நீரில் அலசுங்கள். காய்ந்தபின் எடுப்பது கடினம்.

கடற்கரை ஊர் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை. துணிகளில் கரும்புள்ளி விழுகிறது. பாச்சை உருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போட்டு வைத்தேன். புடவையில் எண்ணெய்போல் கறை பிடித்துவிட்டது. பிறந்த பேரக்குழந்தையின் துணிகளும் அதே பீரோவில்தான் இருக்கின்றன.
– வாசகி, நாகப்பட்டினம்

முதல் வேலையாகக் குழந்தையின் துணிகளை வெளியே எடுத்து, நன்றாகத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, வேறு இடத்தில் வையுங்கள். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மஞ்சள் காமாலைவரை கொண்டுபோய் விடும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை. தவழும் குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. நம் கருத்தில், சிறு குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டையே வேண்டாம்.

எண்ணெய்போல் கறை பிடித்ததற்குக் காரணம் இரண்டையும் சேர்த்துப் போட்டது. நாப்தலினும் கற்பூரமும் தனித்தனியே இருக்கும்போது கட்டியாகவே நிற்கும்; ஒன்றையொன்று தொட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கே உருகிக் கசியும். இதில் இன்னொரு வேடிக்கை, துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு போன்ற விலங்குப் புரத இழைகளைத்தான். பருத்திப் புடவைகளுக்கு நடுவே உருண்டை போடுவதால் வாடை மட்டுமே மிச்சம். பருத்திக்கு எதிரி இராமபாணப் பூச்சியும் கரப்பானும். அவை வருவது துணியில் உள்ள கஞ்சிக்காக. நெடுநாள் வைக்கப்போகும் துணியைக் கஞ்சி போடாமல் துவைத்து வைத்தாலே அவற்றின் வரவு குறையும். நிழலில் சருகாக உலர்த்திய வேப்பிலையையோ வசம்புத் துண்டுகளையோ மெல்லிய துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். பச்சை வேப்பிலையை வைத்தால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழிவிடும், துணியிலும் கறை ஏறும்.

கரும்புள்ளிக்கு வருவோம். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். அதை எடுத்துவிட்டால் வேறு மருந்து வேண்டாம். கடற்கரைப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் பீரோவை வைக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். மழைநாளில் தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும் துணியிலும் ஈரம் இருக்கும். இஸ்திரி போட்டு, அந்தச் சூடு ஆறியபிறகே உள்ளே வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் இரு கதவுகளையும் திறந்துவிட்டு, துணிகளை எடுத்து உதறுங்கள். புள்ளி விழுந்த வெள்ளைப் பருத்தியை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். பழைய புள்ளிகள் துணியின் இழையையே கெடுத்திருந்தால் தடம் முழுவதும் போகாது.

வேட்டிக்குக் கஞ்சி போட்டால் ஓரிடம் அட்டையாகவும் ஓரிடம் தொய்வாகவும் நிற்கிறது. சரியான பக்குவம் என்ன?
– வாசகர், திருச்சி

வடிகஞ்சி நல்லதுதான், ஆனால் அதன் கெட்டித்தன்மை அன்றைய அரிசியைப் பொறுத்து மாறும். ஜவ்வரிசி நம் கட்டுக்குள் நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 1 லிட்டர் நீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் கட்டிகள்தான் அந்த அட்டை இடங்களை உண்டாக்கும். இதை 3 லிட்டர் நீரில் கரைத்தால் இரண்டு வேட்டிக்குப் போதும். வேட்டி முன்பே முழுவதும் நனைந்து, பிழிந்து, ஈரமாக இருக்கவேண்டும். காய்ந்த துணியை நேராகக் கஞ்சியில் போட்டால் முதலில் பட்ட இடம் எல்லாவற்றையும் குடித்துவிடும். கஞ்சியில் முழுவதும் அமுக்கி எடுத்து, பிழிந்து, இருவர் எதிரெதிரே நின்று ஓரங்களைப் பிடித்து இழுத்து உதறிக் காயவிடுங்கள். முழுவதும் காய்வதற்குச் சற்று முன்பே எடுத்து இஸ்திரி போடுவது சிறப்பு. காய்ந்துவிட்டால் நீர் தெளித்துச் சுருட்டி அரை மணி வைத்தபின் போடுங்கள்.

துணியில் தைத்திருக்கும் சிறு பட்டியில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 டிகிரிவரை சூடு தாங்கும். பருத்தி வேட்டி மூன்று புள்ளியைத் தாங்கும். பாலியஸ்டர் கலந்த வேட்டியைப் பருத்தி என்று நினைத்து அவ்வளவு சூட்டில் தேய்த்தால் பளபளவென்று ஒரு தடம் விழும். அது உருகிய இழை என்பதால் மறுபடி சரியாகாது.

விலை உயர்ந்த ஷூ ஒன்றைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். மகனின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துப் போட்டதும், மண்டபத்து வாசலில் அடிப்பாகம் கேக் உதிர்வதுபோல் பொடிந்துபோனது. ஒருமுறைகூட அணியாத ஷூ எப்படி இப்படி ஆகும்?
– வாசகர், சென்னை

ஒருமுறைகூட அணியாததும் அது அப்படி ஆனதற்கு ஒரு காரணம். எடை குறைவாகவும் மெத்தென்றும் இருப்பதற்காகப் பல ஷூக்களின் அடிப்பாகத்தைப் பாலியூரித்தேன் என்னும் பொருளால் செய்கிறார்கள். கடைக்காரர்கள் 'பியூ சோல்' என்பார்கள். இதன் மூலக்கூறுச் சங்கிலியைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல வெட்டுகிறது. வெளியில் ஒரு கீறலும் தெரியாது. சில ஆண்டுகளுக்குப்பின் உடல் எடை பட்ட முதல் நாளில் மொத்தமும் உதிரும். சென்னை போன்ற புழுக்கமான கடற்கரை நகரத்தில், மூடிய பெட்டிக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். அவ்வப்போது அணிந்து நடந்தால் நடையின் அழுத்தம் அந்த நுரையில் தேங்கும் ஈரத்தை வெளியேற்றும் என்பதால் கெடுவது தாமதமாகும், ஆனால் நின்றுவிடாது.

பொடிந்த பாகத்தைப் பசை போட்டு ஒட்ட முடியாது. ஒட்டுவதற்கு அங்கே உறுதியான பரப்பே இல்லை. மேல்பாகம் நல்ல தோலாக இருந்தால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் அடிப்பாகம் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு புது ஷூவின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், ரப்பருக்கு இந்த வியாதியும் கிடையாது. மேல்பாகம் ரெக்சின் வகையாக இருந்தால் செலவழிக்காதீர்கள். அதன் மேற்பூச்சும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான், அடுத்து அது தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும். எந்த எண்ணெயும் எந்தப் பாலிஷும் அதைத் தடுக்காது.

மிச்சமிருக்கும் ஷூக்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான தட்டில், துணிப்பைக்குள் வையுங்கள். புது ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சில வாரங்களிலேயே ஈரம் குடித்து நிரம்பிவிடும். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் பழைய பொட்டலத்தால் பயனில்லை. நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்த ஷூவை அந்த நல்ல நாளுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பாருங்கள்.

எங்கள் ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் மழை தருகிறது. நனைந்த தோல் செருப்பை எப்படிக் காயவைப்பது? தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகர், நாகர்கோவில்

அடுப்புக்குப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள். தோல் என்பது பதனிட்ட கொலாஜன் புரதம். காய்ந்த தோல் தாங்கும் சூட்டை நனைந்த தோல் தாங்காது, சுருங்கி விறைத்து வெடித்துவிடும். ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாறுகளால் பதனிட்ட பழைய முறைத் தோலில் இது சீக்கிரம் நடக்கும். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத் தொழிற்சாலைகளில் குரோமியம் கொண்டு பதனிடும் தோல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஷூவாக இருந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள். ஒருக்களித்து வைத்தால் அடிப்பாகமும் காயும். காய்ந்தபின் வெண்மையாக உப்புக்கோடு தெரிந்தால் வினிகரும் நீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக்கூடாது. ஊர்ப்புறத்தில் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். முரட்டுத் தோலுக்கு அது பொருந்தும். முழுவதும் காய்ந்தபின், துணியில் இரண்டு சொட்டு எடுத்துப் பரவலாகத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வெளிர்நிறத் தோலில் கருந்திட்டு போடும், மார்கழிக் குளிரில் உறைந்து மேலே வெள்ளையாகவும் நிற்கும். பாலிஷ் போட்ட ஷூவுக்கு நிறமற்ற ஷூ கிரீம் போதும். 'ஸ்வேட்' எனப்படும் மென்மயிர்ப் பரப்புள்ள தோலுக்கு எண்ணெயே கூடாது. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தால் அதன் அழுக்குப் போகும்.

பள்ளியிலிருந்து வரும் மகனின் ஷூவைக் கழற்றினால் வீடே தாங்கவில்லை.
– வாசகி, வேலூர்

வியர்வைக்கு மணம் இல்லை. அதில் வளரும் பாக்டீரியாதான் அந்த நாற்றத்தை உண்டாக்குகிறது. முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் செய்யுங்கள், ஒரே இரவில் ஷூ உள்ளே முழுவதும் காய்வதில்லை. மாலையில் உள்ளடித் தகட்டை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். இரவில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைத் தூவிக் காலையில் தட்டிவிடலாம். பருத்தி காலுறையை நாள்தோறும் மாற்றி, உள்பக்கம் வெளியே இருக்குமாறு திருப்பித் துவையுங்கள். இத்தனைக்கும் பிறகும் நாற்றமும், கூடவே விரலிடுக்கில் அரிப்பும் இருந்தால் அது ஷூவின் குறை அன்று, சேற்றுப்புண், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பையின் ஜிப் பாதியில் நிற்கிறது. சோப்பா, மெழுகா?
– வாசகி, சேலம்

இரண்டும் உதவும், ஆனால் சோப்பு ஈரத்தில் பிசுபிசுக்கும். பென்சில் முனையைப் பற்களின் இருபுறமும் நன்றாகத் தேய்த்துவிட்டு நான்கைந்து முறை மெல்ல மேலும் கீழும் இழுங்கள். வெள்ளைப் பையாக இருந்தால் பென்சில் கறுப்பு ஒட்டும், அதற்கு மெழுகுவத்தியே நல்லது. பல் மூடிய பிறகும் பின்னால் பிரிந்துகொண்டே வந்தால் குறை பற்களில் இல்லை, இழுப்பானின் வாய் அகன்றிருக்கிறது. இடுக்கியால் இருபுறமும் சிறிதே அழுத்திப் பாருங்கள். பலமாக அழுத்தினால் இழுப்பான் உடைந்துவிடும்.